சாயம் பிடிக்கும் நேரம்

எங்கள் ஊவாவில் சாயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பசறை வீதியில் ஏதாவதொரு தோட்டத்து வீட்டுக்குப் போனால், "கொஞ்சம் சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். பால் சேர்க்காத தேநீர் வரும். பதுளை நகரத்துக்குள் "சாயம் போயிட்டு" என்று யாராவது சொன்னால் அது துணியைப் பற்றியதாக இருக்கும், இல்லையென்றால் தலைமுடியைப் பற்றியதாக இருக்கும். இரண்டும் வேறு வேறு உலகம் என்றுதான் பத்தாம் வகுப்பு வரை நினைத்திருந்தேன்.

பாடசாலையில் இருந்து தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அரைத்த கொழுந்தைப் பரப்பி வைத்திருந்தார்கள். பச்சையாக இருந்தது மெல்ல மெல்லச் செம்புக் காசின் நிறத்துக்கு வந்தது. தொழிற்சாலையில் அதைப் புளிக்க வைப்பது என்கிறார்கள். எங்கள் இரசாயனவியல் ஆசிரியை, அதில் மதுவமும் இல்லை, நொதிப்பும் இல்லை, நடப்பது ஒட்சியேற்றம் என்று திருத்தினார். டீ மேக்கர் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றார். சுவரில் பெரிய கடிகாரம் இருக்கிறதே என்று ஒரு தோழி கேட்டாள். "கடிகாரத்துக்கு மழை தெரியாது பிள்ளை" என்றார் அவர்.

ஏறத்தாழ இதே வசனத்தை நான் அதற்கு முன்பே என் சாச்சியிடம் கேட்டிருக்கிறேன். சாச்சி பதுளையில் பெண்களுக்கான சலூன் ஒன்று நடத்துகிறார். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு நாற்காலி, ஒரு கழுவும் தொட்டி, கண்ணாடிக் கதவுக்கு உட்புறமாகக் கனத்த திரை. அந்தத் திரைக்காகவே வெலிமடையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் முஸ்லிம் பெண்கள் வருகிறார்கள். சிங்களப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் வருகிறார்கள். ஹிஜாப் அணிகிறவர்களுக்கு முடிக்கு எதற்கு நிறம் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்கள் எங்கள் கல்யாண வீடுகளின் பெண்கள் பகுதிக்குள் ஒருநாளும் வந்திருக்க மாட்டார்கள்.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்த பிறகுதான் சாச்சியின் மேசையை நான் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன். டெவலப்பர் போத்தல்களில் 10, 20, 30, 40 என்று எழுதியிருக்கும். அது என்ன இலக்கம் என்று கேட்டேன். "பத்து மெல்லப் போகும், நாற்பது சுடும். வீரியம்" என்றார் சாச்சி. 20 வொலியூம் என்றால் நூற்றுக்கு 6 வீதம் ஐதரசன் பேரொட்சைட்டு என்று போத்தலிலேயே இருந்தது. கொப்பியை எடுத்துக் கணக்குச் செய்தேன். ஒரு லீற்றரில் 60 கிராம். மூலர்த் திணிவு 34. ஆகவே 1.76 மூல். இரண்டு மூல் பேரொட்சைட்டு பிரிந்தால் ஒரு மூல் ஒட்சிசன். 0.88ஐ 22.4ஆல் பெருக்கினால் 19.7 லீற்றருக்குச் சற்று அதிகம். ஒரு லீற்றர் திரவத்திலிருந்து ஏறத்தாழ 20 லீற்றர் ஒட்சிசன் வெளிவரும். அந்த 20தான் போத்தலில் இருக்கும் 20. நான் துள்ளிக் குதிக்காத குறை. சாச்சி கணக்கைப் பார்த்துவிட்டு, "நல்லம். இப்ப அந்தத் துவாயை எடு" என்றார்.

நிரந்தர நிறச்சாயம் வேலை செய்யும் முறையே ஓர் இரசாயனவியல் பாடம். முடியின் வெளியே ஓட்டுக் கூரைபோல ஒன்றின்மேல் ஒன்றாகச் செதில்கள். உள்ளே கெரற்றின் நார்களுக்கு நடுவே மெலனின் மணிகள். அமோனியா செதில்களைத் தூக்குகிறது. பேரொட்சைட்டு உள்ளே போய் மெலனினை வெளிறச் செய்கிறது. அதே நேரத்தில், கலவையோடு உள்ளே புகுந்த சிறிய நிறமற்ற மூலக்கூறுகளை ஒட்சியேற்றி ஒன்றோடொன்று இணைக்கிறது. இணைந்த மூலக்கூறு பெரியது, நிறமுள்ளது. வந்த வழியால் திரும்பிப் போக முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. தொழிற்சாலைத் தரையில் கொழுந்துக்கு நடந்ததும், சாச்சியின் நாற்காலியில் ஒரு தலைக்கு நடப்பதும் ஒட்சியேற்றம்தான். இரண்டு இடத்திலும் எப்போது நிறுத்துவது என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நம்முடைய கறுப்பு முடிக்குள் சிவப்பும் செம்மஞ்சளும் ஒளிந்திருக்கின்றன. வெளிறச் செய்யும்போது முதலில் செங்கபிலம், பிறகு சிவப்பு, செம்மஞ்சள், கடைசியில் மஞ்சள் என்று படிப்படியாக வெளியே வரும். தொலைபேசியில் யாரோ ஒரு நடிகையின் சாம்பல் கலந்த கபில நிறத்தைக் காட்டி "இது வேணும்" என்று கேட்பவர்களுக்கு இந்தச் செம்மஞ்சள் தெரியாது. அதை அடக்க நீலம் கலக்க வேண்டும். மஞ்சளை அடக்க ஊதா. நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று அணைக்கும். சித்திர வகுப்பில் படித்ததை முடியில் செய்யும்போதுதான் எவ்வளவு நீலம் என்ற கேள்வி வருகிறது. அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. முடிக்கு முடி மாறும்.

செயற்கைச் சாயங்களின் கதை 1856இல் இலண்டனில் தொடங்குகிறது. வில்லியம் பேர்க்கின் என்ற 18 வயது மாணவர் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளில் குயினைன் மருந்து செய்யப் பார்த்தார். ஊதாச் சாயம் கிடைத்தது. அவர் தேடிய குயினைனுக்காகத்தான் கோப்பி அழிந்த பிறகு எங்கள் மலைகளில் சிங்கோனா மரங்களை நட்டார்கள், தேயிலை எல்லா இடத்தையும் பிடிப்பதற்கு முன். இது பாடத்துக்கு வெளியே என்றாலும் எனக்குப் பிடித்த செய்தி. 1907இல் பாரிஸில் யூஜின் ஷுலர் என்ற இரசாயனவியலாளர் தலைமுடிச் சாயம் தயாரித்துச் சிகையலங்காரக் கடைகளுக்கு விற்றார். 1909இல் அவர் பதிவுசெய்த நிறுவனம்தான் இன்றைய லொறியால்.

ஆனால் இரசாயனவியல் தெரிந்தவர் எல்லாரும் நல்ல கலரிஸ்ட் ஆகிவிடுவதில்லை. நானே சாட்சி. எனக்கு 20 வொலியூமின் கணக்குத் தெரியும். ஒரு தலையைத் தொட்டு, இது வீட்டில் பெட்டிச் சாயம் பூசிய முடி என்று சொல்ல எனக்குத் தெரியாது. சாச்சிக்குத் தெரியும்.

சாச்சி சாதாரணதரம் வரை படித்தவர். பண்டாரவளையில் ஒரு சிங்கள மேடத்திடம் நான்கு வருடம் வேலை பழகினார். முதல் வருடம் முழுவதும் தலை கழுவுவதும், துவாய் மடிப்பதும், தரை கூட்டுவதும்தான். அது வேலை வாங்கும் தந்திரம் என்று நான் சொன்னபோது சாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. ஆயிரம் தலை கழுவினால் விரல் படித்துக்கொள்ளும் என்றார். நனைந்த முடி வழுக்கினால் செதில் மூடியிருக்கிறது. சொரசொரத்து நீரை உடனே குடித்தால் திறந்திருக்கிறது, சாயம் வேகமாக ஏறும், வேகமாகவே போய்விடும். நரைமுடி தடித்து விறைப்பாக நிற்கும், சாயத்தை உள்ளே விடாமல் அடம்பிடிக்கும். கொழுந்துப் பையின் கயிற்றை வருடக்கணக்காகத் தலையில் மாட்டிய பெண்களுக்கு உச்சியில் ஒரு கோடு தெரியும். அந்த இடத்தில் முடி ஐதாக, முறிந்து, குட்டையாக இருக்கும். அங்கே மட்டும் வேறு கலவை, குறைந்த நேரம். அந்தக் கோட்டை நான் எத்தனையோ தலைகளில் பார்த்திருக்கிறேன். கண்டதில்லை.

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வந்த புதிதில் சாச்சிக்கு நேரம் எல்லாம் பிசகியதாம். பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரம், பண்டாரவளை 1,200க்கும் மேல். அங்கே குளிரில் நாற்பது நிமிடம் எடுத்த கலவை இங்கே முன்கூட்டியே கறுத்துவிட்டது. வெப்பநிலை ஏறினால் தாக்கவீதம் ஏறும் என்று நான் பரீட்சைக்கு எழுதும் ஒரு வரியை, சாச்சி பல தலைகளில் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டார். தலையோட்டின் சூட்டினால் வேரடியில் முதல் ஒரு சென்ரிமீற்றர் வேகமாக வெளிறும், அதனால் நிறம் இளக்கும்போது நடுமுடியில் தொடங்கி வேரைக் கடைசியில் தொட வேண்டும் என்பதும் அப்படி வந்த அறிவுதான்.

அந்த அறிவு எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஒரு பகுதி சாச்சியின் விரலில். மறுபகுதி அலுமாரியில். சிஆர் கொப்பிகள், மொத்தம் பதினொன்று. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். இயற்கை நிறம் எந்தப் படி, நரை எவ்வளவு, முன்பு என்னென்ன செய்த முடி, எந்தக் கலவை எத்தனை கிராம், எத்தனை நிமிடம், அன்று மழையா வெயிலா. இவ்வளவையும் எல்லா நல்ல கடைகளிலும் எழுதக்கூடும். சாச்சியின் கொப்பியில் கடைசியாக இன்னொரு நிரல் உண்டு. "பிறகு" என்று தலைப்பு. ஆறு கிழமை கழித்து அந்த முடி எப்படி இருந்தது என்று அதில் எழுதுவார். சில இடங்களில் சிவப்பு மையில் ஒரேயொரு சொல்: "செம்பட்டை." அல்லது, "கழுத்தில் அரிப்பு, இனி இவருக்கு வேண்டாம்."

இந்த நிரலைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கொழும்பில் பெரிய கடையில் ஒருவருக்கு நிறம் பூசினால் அவர் கதவைத் திறந்து போய்விடுவார். பிழைத்திருந்தால் வேறு கடைக்குப் போவார். பூசியவருக்கு அது தெரியவே தெரியாது. பத்து வருடம் அப்படி வேலை செய்தாலும் முதல் நாள் செய்ததையே செய்துகொண்டிருக்கலாம். பதுளையில் அது நடக்காது. நீங்கள் பிழையாகப் பூசிய தலை மறுநாள் பஸ் நிலையத்தில் எதிரே வரும். அடுத்த கிழமை சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும். பெருநாளன்று உங்கள் வீட்டுக்கே வட்டிலப்பத்தோடு வந்து உட்காரும். சிறிய ஊரில் தொழில் பழகுவது குறைபாடு என்று பலர் சொல்கிறார்கள். சாச்சியைத் தேர்ந்த கலரிஸ்ட் ஆக்கியதே இந்தச் சிறிய ஊர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடந்த வருடம் தீபாவளிக்குப் பிறகு ஸ்பிரிங்வெலிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு அக்கா தன் அம்மாவோடு வந்தார். கொழும்பில் துணிக்கடையில் வேலை. ஆறு நாளில் கல்யாணம். இடுப்பு வரை முடி. இளங்கபில நிறம் வேண்டும், அதற்கென்று காசு சேர்த்து வைத்திருந்தார். சாச்சி முடியைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். ரீபொண்டிங் செய்திருக்கிறதா? இரண்டு தரம். கறுப்புச் சாயம்? அந்த அக்கா யோசித்து, "நாலு தரம் இருக்கும்" என்றார்.

பூசிய சாயத்தை இன்னொரு சாயம் இளக்காது. கறுப்புக்கு மேல் கபிலம் பூசினால் கறுப்பாகவே இருக்கும். பிளீச் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சாச்சி பிடரிக்குக் கீழே மறைவான இடத்தில் கொஞ்சம் முடியை வெட்டி எடுத்து, நுனியை டேப்பால் ஒட்டி, பிளீச் பூசி ஃபொயிலில் சுற்றி வைத்தார். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். இருபது நிமிடத்தில் பிரித்துக் கழுவி, இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார். றப்பர்போல நீண்டது. திரும்பிச் சுருங்கவில்லை. பிறகு அறுந்தது.

"தங்கச்சி, இதைத் தலைக்குப் போட ஏலா. கல்யாணத்தன்று பூ வைக்க முடி இருக்காது" என்றார் சாச்சி.

அந்த அக்கா அழுதார். அம்மாவுக்குக் கோபம் வந்தது. "டவுன்ல வேற கடை இல்லாமலா போச்சு? எம்புள்ளை ஒரு வருசமா ஆசப்பட்டுச்சு" என்றார். சாச்சி பதில் சொல்லவில்லை. அறுந்த முடியை ஒரு வெள்ளைத் துவாயில் வைத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். அவர் அதை வெகுநேரம் விரலால் நெருடிக்கொண்டிருந்தார். கடைசியில் நுனியை மட்டும் நான்கு அங்குலம் வெட்டி, புரதச் சிகிச்சை செய்து, முகத்தைச் சுற்றிப் புதிதாக முளைத்திருந்த சாயம் படாத குட்டை முடிக்கு மட்டும் மென்மையான கபிலம் கொடுத்தார். வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். அன்று நாள் முழுவதற்கும் எழுதி வைத்திருந்த வேலை அது ஒன்றுதான். மூன்றில் ஒரு பங்கு காசும் வரவில்லை. மின்சாரப் பட்டியல் கண்ணாடியின் மூலையில் செருகியிருந்தது. கொப்பியில் அன்றைய பக்கத்தில் "பிறகு" நிரல் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அந்த அக்கா திரும்ப வரவில்லை.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் மார்க்கத்தைப் பற்றியும் கேட்பார்கள். மக்கா வெற்றியின் நாளில் அபூபக்ர் (ரழி) அவர்களின் தந்தை அபூ குஹாஃபாவை, தலையும் தாடியும் பூத்த செடிபோல வெளுத்திருந்த நிலையில் அழைத்து வந்தபோது, அந்த நரையை மாற்றும்படியும் கறுப்பைத் தவிர்க்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. நரையை மாற்ற மிகச் சிறந்தவையாக மருதோன்றியையும் கதம் என்ற இலையையும் குறிப்பிட்ட அறிவிப்பும் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி கறுப்பைத் தடையென்றே கொண்டார். வேறு அறிஞர்கள் சற்று இலேசாகப் பார்த்திருக்கிறார்கள். சாச்சி ஃபத்வா சொல்வதில்லை. "ஹஸ்ரத்திடம் கேளுங்கள்" என்பார். நரை மறைக்க வருபவர்களுக்குக் கடும்கபிலத்தைத்தான் முதலில் காட்டுவார். தொழில் ரீதியாகவும் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தட்டையான கறுப்பு வயதான முகத்தைக் கூடுதலாக வாட்டிக் காட்டும். வேரில் வெள்ளை முளைக்கும்போது கோடு போட்டதுபோலத் தெரியும்.

மருதோன்றியையும் சாச்சி குழைப்பார், கடும் சாயத்தண்ணியும் எலுமிச்சைப் புளியும் விட்டு. இலையிலுள்ள லோசோன் என்ற பொருள் கெரற்றினோடு நேரடியாகப் பிணைகிறது. அமோனியாவும் வேண்டாம், பேரொட்சைட்டும் வேண்டாம். ஆனால் அது செம்மஞ்சள் கலந்த சிவப்பை மட்டுமே தரும். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், பெருநாள் இரவில் விற்கப்படும் "கறுப்பு மருதோன்றி" கோன்கள். இயற்கை மருதோன்றி கறுப்பாக வராது, பத்து நிமிடத்தில் பிடிக்கவும் பிடிக்காது. அந்தக் கறுப்பு பெரும்பாலும் பீ.பீ.டீ. எனப்படும் பராபீனைலீன் டையமீன். முடிச் சாயத்தில் அது 2 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். தோலில் வரையும் கோனில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளப்பதில்லை. என் மச்சியின் உள்ளங்கையில் பூவின் வடிவத்திலேயே கொப்புளம் போட்டது. இப்படி ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் தலைச்சாயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தங்கைகளின் கையில் வரைய விடும் உம்மாமார் தயவுசெய்து கவனிக்கவும்.

அதனால்தான் சாயம் பூசுவதற்கு 48 மணித்தியாலத்துக்கு முன் தோலில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டியில் உள்ள தாளில் முழங்கை மடிப்பிலோ காதின் பின்னாலோ வைக்கச் சொல்லியிருக்கும். ஐந்து நேரமும் வுழூ செய்கிறவருக்கு முழங்கையில் வைத்து என்ன பயன்? லுஹருக்கே கழுவுப்பட்டுவிடும். சாச்சி காதின் பின்னால், எலும்புக்குக் கீழே, நீர் எட்டாத இடத்தில்தான் வைப்பார். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இவ்வளவு இருந்தும் எங்கள் குடும்பத்தில் சாச்சியின் தொழிலைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் தாழும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் "வீட்டோடு ஏதோ பிசினஸ்" என்பார்கள். முன்பெல்லாம் நம் சமூகத்தில் முடி வெட்டுபவரையும் சுன்னத்துச் செய்பவரையும் ஒஸ்தா என்றார்கள். அவர் வீட்டுப் பெண்ணை ஒஸ்தா மாமி என்றார்கள். அவர்களோடு சம்பந்தம் செய்யத் தயங்கினார்கள். அந்தச் சொல் உஸ்தாத் என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஆசான், கைதேர்ந்தவர் என்று பொருள். மத்ரஸாவில் அதே சொல்லைச் சொல்லி எழுந்து நிற்கிறோம்.

தேசிய தொழில் தகைமை என்று நாட்டில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் வேலைத்தளத்தில் பழகியவரும் செய்து காட்டிச் சான்றிதழ் பெற வழியிருக்கிறது. முன் கற்றலை அங்கீகரித்தல் என்கிறார்கள். சாச்சிக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை, விண்ணப்பத்தை நிரப்புவது நான். உயர்தரம் முடிந்ததும் பெறுபேறு எப்படியிருந்தாலும் ஒரு வருடம் அந்தக் கடையில் நிற்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். வாப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. தாதியர் பயிற்சி பற்றிய பத்திரிகைத் துண்டு ஒன்று மட்டும் என் மேசையில் கிடந்தது. சான்றிதழுள்ள இடத்தில் பழகுகிறேன் என்றால் அவர் மனம் கொஞ்சம் இளகும் என்பது என் கணக்கு.

அனுபவத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பதால் கொப்பிகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு மைப் பக்கங்களை விட்டுவிடலாமா என்று கேட்டேன். "அதுதான் முதலில் வைக்க வேணும்" என்றார் சாச்சி. அதற்கு முன் எனக்கு எல்லாவற்றையும் செய்து காட்ட ஒரு தலை தேவைப்பட்டது. உம்மும்மா தானே முன்வந்தார், இரண்டு நிபந்தனைகளோடு. கறுப்பு கூடாது. பெரியம்மாவுக்குச் சொல்லக் கூடாது. செவ்வாய்க்கிழமை மஃரிபுக்குப் பிறகு அவர் காதின் பின்னால் பொட்டு வைத்திருக்கிறோம். வியாழன் மஃரிப் வரை அதைச் சொறியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.